தனியாகப் பச்சை, கும்பலில் சிவப்பு

வெப் ஆப்பைப் பிரௌசரில் தானாக இயக்கிச் சோதிக்கும் டெஸ்டுகளை மொத்தமாக ஓட்டினால் மூன்று விழுகின்றன, அதாவது சிவப்பு. அந்த மூன்றையும் தனித்தனியே ஓட்டினால் எல்லாம் தேறிப் பச்சை. மறுபடி மொத்தமாக ஓட்டினால் இந்த முறை வேறு இரண்டு சிவப்பு. இப்படி இடம் மாறி மாறி விழுந்தால், ஆப்பைக் குடைவதற்கு முன் டெஸ்டுகளைச் சந்தேகப்படுங்கள்.

இத்தகைய டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பிளேரைட் ஒவ்வொரு டெஸ்டுக்கும் புது பிரௌசர் கான்டெக்ஸ்ட் (புதிதாகத் திறந்த தனிப் பிரௌசர் மாதிரி) ஒன்றைத் திறக்கிறது. குக்கீ, லோக்கல் ஸ்டோரேஜ் எல்லாம் அதற்கே தனி. ஆனால் அந்தச் சுவர் பிரௌசரோடு சரி. சர்வருக்குப் பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் எல்லோருக்கும் பொது.

ஒரு கடை ஆப்பை எடுத்துக்கொள்வோம். கூடை சர்வரில், கணக்கின் பேரில் இருக்கிறது. முதல் டெஸ்ட் 2 பொருளைப் போட்டுவிட்டுப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறது. அதே நேரம் இன்னொரு வொர்க்கரில் (டெஸ்டுகளைப் பங்கு போட்டு ஒரே நேரத்தில் ஓட்டும் பிராசஸ்களில் ஒன்று), அதே சோதனைக் கணக்கில் நுழைந்த இரண்டாவது டெஸ்ட் ‘கூடையைக் காலி செய்’ பொத்தானை அமுக்குகிறது. முதல் டெஸ்டின் பக்கம் திறக்கும்போது கூடையில் ஒன்றுமில்லை. எதிர்பார்த்த எண்ணுக்காக 5 விநாடி (பிளேரைட்டின் இயல்பு வரம்பு) காத்திருந்துவிட்டு விழுகிறது. பாஸ்வேர்டை மாற்றும் டெஸ்ட் இதைவிடப் பொல்லாதது. பாஸ்வேர்டு மாறியதும் பல ஆப்கள் பழைய லாகின் செஷன்களை வெட்டிவிடும். சம்பந்தமே இல்லாத டெஸ்ட் நடுவழியில் லாகின் பக்கத்தில் போய் நிற்கும்.

கண்டுபிடிக்க, முதலில் வொர்க்கர் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். இயல்பாக அது சிபியு கோர்களில் பாதி. அப்போதும் விழுந்தால், முன்னால் ஓடிய ஏதோ ஒரு டெஸ்ட் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். முன்னால் ஓடியவற்றைப் பாதி பாதியாகக் கழித்து ஓட்டினால் ஆள் சிக்கும். பச்சையாகிவிட்டால் மோதல் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மெஷின் திணறியதால்கூட விழுந்திருக்கலாம். சந்தேகப்படும் ஜோடியை மட்டும் 2 வொர்க்கரில் 20 தடவை ஓட்டுங்கள். மெஷினுக்குச் சுமை குறைவு, ஆனாலும் விழுகிறதென்றால் மோதல்தான். ரீட்ரை (விழுந்த டெஸ்டைத் தானாக மறுபடி ஓட்டுவது) போட்டுச் சமாளிப்பது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது மாதிரி.

தீர்வு, வொர்க்கருக்கு ஒரு கணக்கு. இங்கே பலர் சறுக்குவது எண்ணில். ஒரு டெஸ்ட் விழுந்ததும் பிளேரைட் அந்த வொர்க்கரை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்கும். வொர்க்கரின் வரிசை எண்ணான வொர்க்கர் இண்டெக்ஸ் அப்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகும். அதை நம்பி 4 வொர்க்கருக்கு 4 கணக்கு வைத்திருந்தால் ஐந்தாவது வொர்க்கருக்குக் கணக்கு இருக்காது. ஒரே நேரத்தில் ஓடும் வொர்க்கர்களுக்கான இட எண்ணான பேரலல் இண்டெக்ஸ், 4 வொர்க்கர் என்றால் எப்போதும் 0 முதல் 3-க்குள்ளேயே சுற்றும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய டேட்டாவைத் துடைக்கும் வேலையை டெஸ்டின் முடிவில் வைக்காமல் தொடக்கத்தில் வையுங்கள். பாதியில் கொல்லப்பட்ட பிராசஸ் எதையும் துடைத்துவிட்டுச் சாகாது.

கடைசியாக ஒன்று: பிளேரைட்டில் நெட்வொர்க் கோரிக்கைகளை இடைமறித்தால் பிரௌசரின் எச்டிடிபி கேஷ் (ஏற்கெனவே இறக்கிய கோப்புகளின் சேமிப்பு) அணைந்துவிடும். அந்த டெஸ்டில் பக்க வேகத்தை அளக்க வேண்டாம்.