வீடு யார் பெயரில் இருந்தால் என்ன?

"கணவர் அடித்தாரா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இல்லைங்க, ஒரு நாளும் கையை நீட்டியதில்லை" என்றார். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீட்டில், வாழ்க்கைப்பட்டவர். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சனிக்கிழமை வாங்கும் சம்பளத்தைக் கவர் பிரிக்காமல் கணவரிடம் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்கு மட்டும் சில்லறையை எண்ணிக் கொடுப்பார். அக்காளைப் பார்க்கப் போகக் கூடாது, போனில் யாரிடம் பேசினார் என்று தினமும் சோதனை. பிறந்த வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று ஒருமுறை கிளம்பியபோது, மோட்டார் ரூமிலிருந்த பூச்சிமருந்து டப்பாவைக் கையில் எடுத்து, "போனால் குடித்துவிடுவேன்" என்றாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதுங்களா?" என்றார்.

இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலை வதைப்பது, பாலியல் கொடுமை, சொல்லாலும் செயலாலும் மனத்தை வதைப்பது, பொருளாதார வகையில் முடக்குவது என நான்கையும் அது வன்முறை என்கிறது. புகார் சொல்ல வருபவரிடம் கேட்டு நிரப்புவதற்கென்று ஒரு படிவம் உண்டு. சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, ஒருவரைச் சந்திக்கவிடாமல் தடுப்பது, தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டுவது ஆகிய மூன்றும் அந்தப் படிவத்திலேயே அச்சாகி இருக்கின்றன. ஆண் குழந்தை பெறவில்லை என்று ஏசுவதும், சீர் போதவில்லை என்று குத்திக்காட்டுவதும், நகையை அடகு வைத்துத் தின்பதும் அதே பட்டியலில்தான்.

அடுத்த பயம், கேஸ் போட்டால் தாலி போய்விடும் என்பது. நம் பக்கத்தில் பாதிப் பேரை வாய் திறக்கவிடாமல் செய்வது இந்த ஒன்றுதான். இந்தச் சட்டத்தில் மனுக் கொடுப்பதற்கும் விவாகரத்துக்கும் தொடர்பே இல்லை. மனுக் கொடுத்தவுடன் கணவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதும் இல்லை. கைது, சிறை என்று போவது, மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று சொல்லப்பட்ட பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. அது வேறு, இது வேறு. இங்கே கேட்பது பாதுகாப்பு, இருக்க இடம், செலவுக்குப் பணம், பிள்ளைகள் தற்காலிகமாக யாரிடம் இருப்பது, நட்ட ஈடு இவைதான். வாழ்ந்துகொண்டே கேட்கலாம்.

இருக்க இடம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். "வீடு மாமியார் பெயரில், பட்டா மாமனார் பெயரில், எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. சேர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு என்கிறது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பத்திரத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமியார், மாமனார் பெயரிலுள்ள வீடும் சேர்ந்து வாழும் வீடாக இருக்கலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்கு முன்பிருந்த மாறான தீர்ப்பையும் தள்ளியது. இந்த உரிமை குடியிருக்கத்தான். சொத்தில் பங்கு கிடைத்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. அதே வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு அல்லது வாடகை கொடு என்று நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். சீராக வந்த நகை, பாத்திரம், பீரோ ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிடலாம். கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை ரசீதையும் பத்திரப்படுத்துவது அதற்காகத்தான்.

இதை வளைக்க ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் கீழ் மாமனாரை விட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வைத்து, மருமகளை வெளியேற்றுவது. மகனிடம் அடிபடும் தகப்பனாருக்கு உண்மையிலேயே தேவைப்படும் சட்டம் அது. ஆனால் மருமகளின் குடியிருப்பு உரிமையை அழிக்க அதைக் கருவியாக்க முடியாது என்று வனிதா வழக்கில், அதே 2020இல், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனைவி மட்டும்தான் கேட்க முடியும் என்பதும் தவறு. தாய், சகோதரி, விதவையாகிப் புகுந்த வீட்டிலேயே இருப்பவர், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவர் எல்லோரும் கேட்கலாம். ஆண்கள் இச்சட்டத்தில் மனுக் கொடுக்க முடியாது. எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2016இல் நீக்கப்பட்டதால், கொடுமை செய்வது மாமியார், நாத்தனார் என்றாலும் வழியுண்டு.

"குடிக்காவிட்டால் தங்கமான மனுஷன்" என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. மதுக்கடையிலிருந்து வீடு வந்து சேரும் வரை எத்தனை பேரைத் தாண்டி வருகிறார். அவர்களில் யாரையும் அடிப்பதில்லையே. வசதி இல்லாத வீட்டுச் சங்கதி என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். அத்தனை பேருமா ஏழைகள்?

யாரிடம் போவது? மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் மூலமாகவும் போகலாம், நேராக நீதித்துறை நடுவரிடமும் மனுக் கொடுக்கலாம். புகுந்த வீடு கோபிசெட்டிபாளையத்தில், வேலை பார்த்துத் தங்கியிருப்பது திருப்பூரில் என்றால், திருப்பூரிலேயே போடலாம். தற்காலிகமாகத் தங்கும் ஊரும் செல்லும். வக்கீல் பீஸ் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், எண் 15100. ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற வேண்டிய நிலை என்றால் பெண்கள் உதவி எண் 181. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம், மருத்துவ உதவியும் அங்கிருந்தே கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 112. பக்கத்துத் தோட்டத்துக்காரரே நல்லெண்ணத்தில் தகவல் சொன்னாலும் அவர்மீது வழக்கு வராது. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லாத சாளைகளுக்கு இது முக்கியம்.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், அதிலிருந்து 60 நாளில் முடிவு என்று சட்டத்தில் இருக்கிறது. கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆகவே இடைக்கால உத்தரவை முதல் மனுவோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒரு காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்து, "இனிமேல் சண்டை போட மாட்டோம்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பியதை நான் பார்த்தேன், அடிபட்டவரிடமும் சேர்த்து. நடுவரின் பாதுகாப்பு உத்தரவின் முன் அந்தத் தாள் நிற்காது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; ஜாமீனில் விட முடியாத குற்றம்.

காங்கேயத்துப் பெண்ணுக்கு ஒரு துண்டுச் சீட்டில் 181 என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கைப்பையையும் கணவர் பார்ப்பாராம். "மூன்றெழுத்துத்தானுங்களே, மனசிலேயே இருக்கட்டும்" என்று எழுந்தார். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் அதற்கும் கேள்வி வரும்.