சம்பள வேலையும் வக்காலத்தும்: எல்லை தாண்டி வேலைக்குப் போகும் வக்கீல்களின் கவனத்துக்கு

கோவையிலிருந்து வாளையாரைத் தாண்டினால் கேரளத்தின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. கோவையில் சட்டம் படித்து, சென்னையில் பார் கவுன்சிலின் (வக்கீல்களைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு) ரோலில், அதாவது வக்கீல் பட்டியலில், என்ரோல் ஆகி, இங்குள்ள கம்பெனிகளில் 'லீகல் ஆபீசர்' ஆகச் சேரும் இளைஞர்கள் உண்டு. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எர்ணாகுளத்தில் என்ரோல் ஆகிவிட்டுக் கோவைக் கம்பெனிகளுக்குப் போவதும் உண்டு. வேலைக்குப் போவதில் தவறே இல்லை. பார் கவுன்சிலுக்கு ஒரு வரிகூட எழுதாமல், கம்பெனிக்காக வக்காலத்தும் (வழக்கை நடத்த வக்கீலுக்குக் கட்சிக்காரர் தரும் அதிகாரப் பத்திரம்) போடுவதுதான் தொழில் ஒழுங்கீனம்.

இந்திய பார் கவுன்சிலின் 49-வது விதி இதில் தெளிவாக இருக்கிறது. தொழில் செய்யும் வக்கீல் எவரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. வேலையில் சேர்ந்தால், யாருடைய ரோலில் பெயர் இருக்கிறதோ அந்த பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். "நம்ம கேஸை நீங்களே நடத்துங்க, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று முதலாளி எழுதிக் கொடுத்தாலும் பலனில்லை. இந்த விதியைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் கிடையாது.

யார் ஊழியர், யார் ரீடெய்னர் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனிக்கு ஆலோசனை சொல்பவர், மற்ற கட்சிக்காரர்களுக்கும் வேலை பார்த்து, பில் போட்டுக் கட்டணம் வாங்கினால் அவர் சுதந்திரமான வக்கீல்தான். ஆர்டரில் 'ரீடெய்னர்' என்று போட்டுவிட்டு, காலை 9 மணிக்கு வருகைப் பதிவு, லீவுக்கு விண்ணப்பம், பிஎஃப், வேறு வழக்கு எடுக்கத் தடை என்று வைத்தால் அந்தப் பெயர் உங்களைக் காப்பாற்றாது. எதிர்த்தரப்பு புகார் கொடுக்கும்போது தேடிப் பிடிப்பதும் இவற்றைத்தான்: பிஎஃப் கணக்கு, சம்பளச் சிலிப், லிங்க்ட்இன்னில் நீங்களே எழுதிய பதவிப் பெயர்.

பகுதிநேர வேலைக்கு 52-வது விதி வழிவிடுகிறது, ஆனால் மாநில பார் கவுன்சிலின் சம்மதம் வாங்கிய பிறகுதான். சட்டம் கற்பிப்பதற்குத் தனி விதிகள் 1979 முதல் உள்ளன. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் உச்சவரம்பு.

வேலையில் சேருமுன் முதலில் கையிலுள்ள வக்காலத்துகளைப் பாருங்கள். கோர்ட்டு அனுமதியோடு எழுத்து மூலம் விலகாதவரை சிவில் வழக்கில் உங்கள் வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். வாய்தாவுக்கு ஆளில்லாமல் கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி ஆகி, அவர் தரப்பு இல்லாமலே வழக்கு நடந்தால் அது தனியாக இன்னொரு புகார். கட்சிக்காரரிடம் சொல்லி, வழக்குக் கட்டை ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். பிறகு பார் கவுன்சில் செயலருக்குக் கடிதம். என்ரோல்மெண்ட் எண், தேதி, கம்பெனியின் பெயர், பதவி, சேரும் நாள், அன்று முதல் தொழிலை நிறுத்துவதாக ஒரு வாக்கியம் எல்லாம் அதில் இருக்கட்டும். அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் நகலையும் வையுங்கள். என்ரோல்மெண்ட் சான்றிதழின் அசலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்கிறது விதி. ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளாமல் அனுப்பாதீர்கள். விதியில் பதிவுத் தபால் என்று இருக்கிறது. அந்தச் சேவை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லைப் பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறு, கடிதம் முகவரி மாறிப் போவது. கஞ்சிக்கோட்டில் வேலை என்பதால் எர்ணாகுளத்திலுள்ள கேரள பார் கவுன்சிலுக்கு எழுதுகிறார்கள். பெயர் சென்னை ரோலில் இருந்தால் சென்னைக்குத்தான் எழுத வேண்டும். வேலை எதுவும் இல்லாமல் தொழில் செய்பவர்களுக்கும் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டு என்ரோல்மெண்ட்டோடு பாலக்காட்டில் ஒரு வழக்கு நடத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வழக்கமாகத் தொழில் செய்யும் இடமே பாலக்காடு என்று ஆகிவிட்டால், ஆறு மாதத்துக்குள் ரோலை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் அதுவே வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி ஒழுங்கீனமாகக் கொள்ளப்படும் என்கிறது விதி. வக்கீல்கள் சட்டத்தின் 18-வது பிரிவின்படி நடக்கும் இந்த மாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு மாநில ரோலில் ஒரே நேரத்தில் பெயர் இருக்கவும் கூடாது.

சரி, ஊழியராக இருந்துகொண்டு என்னதான் செய்யலாம்? நிறையவே. ஒரு செக் திரும்பி வந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். பேங்க் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அதைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் உங்கள் பதவிப் பெயரோடு அனுப்பலாம். 'அட்வகேட்' லெட்டர்ஹெட்டில் கூடாது. 15 நாளில் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியாகப் புகாரில் கையெழுத்திடலாம், சாட்சிக் கூண்டில் ஏறலாம், வெளி வக்கீலுக்கு ஆவணங்களை அடுக்கிக் கொடுக்கலாம். கூடாதது கவுன், கழுத்துப்பட்டை, வக்காலத்து. பிரமாணப் பத்திரத்திலும் வக்காலத்திலும் ஒரே ஆள் கையெழுத்திட்டிருப்பதைச் சில கட்டுகளில் பார்க்க முடிகிறது. அங்கே இரண்டு விதிகள் ஒரே வழக்கில் மீறப்படுகின்றன. 49-வது விதி ஒன்று; தான் சாட்சியாகக்கூடிய வழக்கில் வக்கீலாக ஆஜராகக் கூடாது என்பது மற்றொன்று.

அரசு வழக்கறிஞர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே வாதாடவில்லையா என்று சிலர் கேட்பார்கள். தீபக் அகர்வால் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் பார்த்தது, கோர்ட்டில் ஆஜராகி வாதாடவே நியமிக்கப்பட்ட அரசு வழக்கறிஞர்களை; அவர்கள் வக்கீல்களாகவே தொடர்வதாகச் சொன்னது. இமாச்சல மின்வாரியத்தின் சட்ட அலுவலர் சதீஷ் குமார் சர்மாவின் என்ரோல்மெண்ட் செல்லாது என்று அதே நீதிமன்றம் 2001-ல் சொல்லியிருக்கிறது. சட்ட அலுவலர்களுக்கு 49-வது விதியில் இருந்த விலக்கையும் பார் கவுன்சில் அதே ஆண்டில் நீக்கிவிட்டது. தனியார் கம்பெனி ஊழியர் தீபக் அகர்வால் தீர்ப்பை நம்பி வக்காலத்து போடுவது ஆபத்து.

சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வேலையை மறைத்து என்ரோல்மெண்ட்டை ஓட்டும் ஆசை கூடியிருக்கும். அனுபவச் சான்றை முதன்மை நீதித்துறை அதிகாரியோ, அவருடைய மேலொப்பத்தோடு பத்தாண்டு அனுபவமுள்ள வக்கீலோ தர வேண்டும். பொய்ச் சான்று உங்களோடு அந்த மூத்தவரையும் சேர்த்து இழுக்கும். தயவுசெய்து அவரிடம் அதைக் கேட்காதீர்கள்.

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு: கம்பெனியில் வேலை பார்க்கும் சட்ட ஆலோசகருக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 132-வது பிரிவு வக்கீலுக்குத் தரும் ரகசியப் பாதுகாப்பு கிடையாது. முதலாளிக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சலை அந்த நினைப்போடு எழுதுங்கள்.

புகார் வந்தால் மாநில பார் கவுன்சிலின் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தடை, ரோலிலிருந்தே நீக்கம் வரை போகலாம். உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலிலும், அங்கிருந்து 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு உண்டு.

வேலையை விட்டால் ரிலீவிங் ஆர்டரோடு, இடைக்காலத்தில் வக்கீல்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு சொல்லும் தகுதியிழப்பு ஏதும் வரவில்லை என்ற பிரமாணப் பத்திரத்தையும் வைத்து, மீண்டும் தொழில் தொடங்கச் செயலருக்கு விண்ணப்பியுங்கள். பதில் வரும்வரை வக்காலத்து வேண்டாம். ஏற்கெனவே சில வருடம் சொல்லாமல் வேலையில் இருந்துவிட்டவர்களும் இப்போதே எழுதுவது நல்லது. சேர்ந்த தேதியை உள்ளது உள்ளபடி குறிப்பிடுங்கள். கடிதத்துக்குப் பழைய தேதி போட்டால், தாமதம் என்ற குறை ஏமாற்று என்ற குற்றச்சாட்டாக மாறிவிடும்.