பொம்மைக்குள் அப்பாவின் குரல்

அப்பா இறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். நான்கு வயதுக் குழந்தை மாலையானால் கதவருகே போய் நிற்கும். "அப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்கும். இனி வரமாட்டார் என்று சொன்னால் தலையாட்டும். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி.

சொன்னது காதில் ஏறவில்லை என்று நினைத்துவிடுகிறோம். அந்த வயதில் சாவு அப்படித்தான் புரியும். மரியா நாகி என்ற உளவியலாளர் புடாபெஸ்ட் நகரில் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசி, 1948-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதை ஒரு பயணம் போலவோ தூக்கம் போலவோ சொன்னார்கள். போனவர் திரும்பி வரலாம், தூங்கியவர் எழலாம். இறந்தவர் திரும்ப மாட்டார் என்ற தெளிவு பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் வருகிறது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தக் குழந்தையின் கையில் கொடுக்க ஒரு கருவி செய்யவேண்டும் என்றால், பலரும் முதலில் நினைப்பது குரலைத்தான். இந்த எண்ணம் ஒலிப்பதிவின் வயதே உடையது. ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைத்த முதல் கருவியான ஃபோனோகிராஃபால் என்னென்ன செய்யலாம் என்று எடிசன் 1878-இல் எழுதிய கட்டுரையில், குடும்பத்தினரின் பேச்சையும் இறப்பவர்களின் கடைசிச் சொற்களையும் சேமித்து வைப்பது ஒரு பயனாக இடம்பெற்றிருந்தது.

குரலுக்கு அப்படி என்ன சக்தி? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 7 முதல் 12 வயது வரையுள்ள 61 சிறுமிகளை அந்நியர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். எல்லோருக்கும் பதற்றம் ஏறியது. அப்புறம் சிலரை அம்மா வந்து அணைத்துக்கொண்டார். சிலர் அம்மாவுடன் போனில் மட்டும் பேசினார்கள். மீதிப் பேர் ஒரு படம் பார்த்தார்கள். அணைப்பு கிடைத்தவர்களைப் போலவே போனில் பேசியவர்களுக்கும் நெருக்கத்தோடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்ஸிடோசின் உயர்ந்தது, பதற்ற ஹார்மோனான கார்டிசால் இறங்கியது. 2012-இல் இதே குழு, அம்மா தட்டச்சு செய்து அனுப்பிய செய்தியைக் கொண்டு சோதித்தபோது அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. உடம்பைத் தணிப்பதில் குரலின் தொனிக்கும் இழுவைக்கும் பெரிய பங்கு உண்டு என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அந்த அம்மாக்கள் உயிரோடு இருந்தவர்கள், கேட்டதற்குப் பதில் சொன்னவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பதிவுசெய்த குரல் அந்த அளவுக்கு வேலை செய்யும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சரி, குரலைப் பொம்மைக்குள் எப்படி வைப்பது? எளிய சிப் ஒன்று மைக்கிலிருந்து வரும் மின்னலையை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாக எழுதிக்கொள்கிறது. ஒரு எண்ணுக்கு ஒரு பைட் என்றால் இருபது நொடிப் பேச்சு 160 கிலோபைட்டில் அடங்கிவிடும். அந்த எண்கள் ஃபிளாஷ் நினைவகத்தில், மின்சாரம் கடத்தாத அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய எலக்ட்ரான்களாகத் தங்குகின்றன. அதனால் பேட்டரி தீர்ந்தாலும் குரல் போகாது.

ஆனால் ஓர் அதிர்வைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு அளவீடு வேண்டும். நொடிக்கு 8,000 அளவீடு என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 4,000 அதிர்வுக்கு, மேலுள்ள ஒலி எதுவும் பதிவாகாது. 'ஸ' போன்ற சீறும் ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. போதாததற்கு, பொம்மையின் பஞ்சும் உயர்ந்த ஒலிகளையே அதிகம் விழுங்கும். இரண்டும் சேர்ந்தால் அப்பா போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும். நொடிக்கு 16,000 முறை அளக்கும் சிப், துணிக்கு நேர் கீழே ஸ்பீக்கர், போனிலிருந்து கோப்பை நேரடியாக ஏற்றும் வசதி: இவை மூன்றும் இருந்தால் அது அப்பாவின் குரலாகவே கேட்கும். இன்னொன்று இதைவிட முக்கியம். பல பொம்மைகளில் பதிவு செய்யும் பொத்தானும் உள்ளேயே இருக்கிறது. தெரியாமல் அழுத்தினால் பழைய குரல் அழிந்துவிடும். அந்தப் பொத்தானுக்குப் பூட்டு வைக்காத கருவியை நான் ஒரு குழந்தையிடம் கொடுக்க மாட்டேன்.

இப்போது இதைத் தாண்டிய தொழில்நுட்பமும் வந்துவிட்டது. 2022 ஜூனில் அமேசான் ஒரு செயல்விளக்கம் காட்டியது. கதையைப் பாட்டி படித்து முடிக்கட்டும் என்று சிறுவன் கேட்க, அந்த நிறுவனத்தின் பேசும் உதவிக் கருவியான அலெக்ஸா பாட்டியின் குரலில் படித்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான பதிவு போதும் என்றார்கள். ஆயிரக்கணக்கான குரல்களைக் கேட்டுப் பழகிய செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குப் பேச்சு எப்படி உருவாகிறது என்பது பொதுவாகத் தெரிந்திருக்கும். புதிய குரலில் எது தனித்தன்மை என்பதை மட்டும் சில நூறு எண்களாகச் சுருக்கி எடுத்துக்கொள்ளும். அதன்பின் எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அந்தச் சாயலிலேயே பேசும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு இது வேண்டாம் என்றே நினைக்கிறேன். கேட்டதற்கு அப்பா பதில் சொல்கிறார் என்றால், அவர் எங்கோ இருக்கிறார், வரலாம் என்றுதான் அதற்குப் பொருள். நாம் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னதை அந்தக் கருவி ஒவ்வொரு இரவும் கலைத்துவிடும். இறந்தவருடனான பிணைப்பை அறுக்கவேண்டியதில்லை, அதை ஏதோ ஒரு வடிவில் வைத்துக்கொள்வது இயல்பு என்று 1990-களிலிருந்து துக்க ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் அவருடைய ஒரு பொருளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். பழைய பதிவும் அப்படி ஒரு பொருள்தான். அவர் உண்மையில் சொன்னது, எத்தனை முறை கேட்டாலும் மாறாதது.

குழந்தையின் துக்கம் விட்டுவிட்டு வரும். அழுதுகொண்டிருக்கும், அடுத்த நிமிடம் ஓடிப்போய் விளையாடும். அதனால் பொம்மை தானாகப் பேசக் கூடாது. பொத்தான் குழந்தையின் விரலுக்கு எட்டவேண்டும், அழுத்தினால் மட்டுமே பேசவேண்டும். ஒரு மாதம் மூலையில் கிடந்தாலும் சரிதான்.

எந்த வாக்கியத்தை வைப்பது என்பதில்தான் நிறைய யோசிக்கவேண்டும். போனில் தேடினால் முதலில் கிடைப்பது "கண்ணு, அப்பா வந்துட்டே இருக்கேன்" மாதிரிதான் இருக்கும். அந்தக் குழந்தையின் பொம்மையில் அதை வைக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது, சிரித்தது, தூங்கவைக்கப் பாடிய இரண்டு வரி போதும். மற்றதையெல்லாம் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். பத்து வயதில் "வந்துட்டே இருக்கேன்" என்பதையும் கேட்கக் கொடுக்கலாம்.