பல்பை ஒளித்து வைத்த குடைகள்

உருண்டையான ஒரு விளக்குக் குடைக்கு நடுவில் பல்பை வைத்தால் என்ன ஆகும்? புறப்படும் கதிர் சுவரில் செங்குத்தாக மோதி, வந்த வழியே திரும்பி பல்பிலேயே விழும். குடை சூடாகும், மேசை இருட்டாக இருக்கும். குடையைக் கழற்றினாலோ கண் கூசும்.

டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சென் (1894–1967) வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியது இந்தச் சிக்கலோடுதான். 1920-களில் அவர் எடுத்த ஆயுதம் மடக்கைச் சுருள், அதாவது நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் ஓட்டில் தெரியும் வளைவு. அதன் மையத்திலிருந்து எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும் அது வளைவை ஒரே கோணத்தில்தான் வெட்டும். மையத்தில் பல்பு, வளைவின் துண்டுகளாக ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று குடைகள். கதிர் எங்கே பட்டாலும் ஒரே சாய்வில் பட்டு, கீழும் பக்கவாட்டிலும் சிதறும். வளைவு விளிம்பை நோக்கிப் போகப் போக பல்பிலிருந்து விலகுவதால் வெளிச்சமும் படிப்படியாக மங்கும். பல்பு மட்டும் கண்ணில் படாது.

இவ்வளவு கணக்குப் போட்டும் பல்பு நிறுவனங்கள் விடவில்லை. பல்பின் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருந்தன. அலுத்துப்போன மனிதர் 1958-ல் எந்தப் பல்புக்கும் ஒத்துப்போகிற பி.ஹெச். 5 விளக்கை வடிவமைத்தார். பி.ஹெச். அவர் பெயரின் முதலெழுத்துகள்; அந்த 5, அதன் 50 செ.மீ. விட்டம். உள்ளே சிவப்பும் நீலமும் பூசிய சிறு பகுதிகள் உண்டு, அலங்காரத்துக்காக அல்ல. நம் கண் மஞ்சள்-பச்சையை நன்றாக உணரும், சிவப்பிலும் நீலத்திலும் மந்தம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

அதே ஆண்டு கோபன்ஹேகனின் லாங்கலினி பெவிலியனுக்காக வந்தது அவருடைய 72 மடல்கள் கொண்ட ஆர்ட்டிசோக் விளக்கு; மடல் மடலாக அடுக்கிய ஒரு காய்கறியின் பெயர் அது. எனக்கு அது மடல் விரிந்த வாழைப்பூவாகத்தான் தெரிகிறது.

பழைய விளக்கு வாங்குபவர்கள் முத்திரையைத் தேடுவார்கள். நான் முதலில் குடையின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். மங்கலான பழைய பூச்சின்மேல் யாராவது பளபளப்பு பெயின்ட் அடித்திருந்தால் குடை முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆகி, ஒளித்து வைத்த பல்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது பல்பு. சாதாரண எல்.இ.டி. பல்பின் அடிப்பாதி பிளாஸ்டிக். வெளிச்சம் பெரும்பாலும் முன்பக்கமே போகும். மூன்று குடை விளக்கில் அதைத் தலைகீழாக மாட்டினால், மேலே இருக்கும் பெரிய குடைக்கு வேலையே இருக்காது. நாலாபுறமும் ஒளிவிடும் பால்நிறப் பல்பாகப் பார்த்து வாங்குங்கள்.