ரெயின்கோட் பைக்குள்தான் இருந்தது

"கோடைதானே டாக்டர்" என்று இன்னொரு முறை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று சபதம் போட்டிருந்தேன். போன வாரம் மறுபடி சொன்னார்கள். எழுந்து போக முடியவில்லை. சொன்னவர்கள் தூக்கிக்கொண்டு வந்த பையன், மலையில் குளிர் தாக்கி, என் எதிரே கட்டிலில் கிடந்தான்.

25 வயது, நல்ல திடமான உடம்பு. பத்து நாள் மலைநடையில் அது ஐந்தாவது நாள். மதியத்துக்கு மேல் மழை பிடித்திருக்கிறது, கூடவே காற்று. பருத்தி டி-ஷர்ட் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ரெயின்கோட்டும் கம்பளி ஸ்வெட்டரும் பைக்குள்தான் இருந்தன, அடியில், ஸ்லீப்பிங் பேக்குக்கும் கீழே. "இன்னும் அரை மணி நேரத்தில் டெண்ட் போடும் இடம் வந்துவிடும், இப்போது எதற்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டு" என்று நடந்திருக்கிறான். அரை மணி இரண்டு மணியாகிவிட்டது. பையை நான் பிரித்துப் பார்த்தேன், ஸ்வெட்டர் மடிப்புக்கூடக் கலையாமல் காய்ந்து கிடந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

குளிரில் விழுந்து என்னிடம் வருகிறவர்களில் உடுப்பே கொண்டுபோகாதவர்கள் குறைவு. கொண்டுபோய்விட்டுப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அதிகம்.

சரி, இந்தக் கோடைக் கதைக்கு வருகிறேன். ஹைபோதெர்மியா என்றதும் எல்லாருக்கும் தாடியில் பனி உறைந்த ஆள் ஒருவர்தான் மனதில் வருகிறார். உடம்பின் உள்வெப்பம் சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், அது 35-க்குக் கீழே இறங்கினாலே ஹைபோதெர்மியா. இரண்டு டிகிரி, அவ்வளவுதான். அதற்குப் பனி விழவே வேண்டாம், 10 டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தால் போதும். அந்த 10 டிகிரி எங்கிருந்து வரும் என்கிறீர்களா? மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 30 டிகிரியில் வியர்த்து வழிந்து கிளம்புகிறவர் 3,000 மீட்டர் மேலே போனால் பத்துப் பதினொன்றில் நிற்பார், அதுவும் மழைக்கு முன்னால். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரப் பருத்தி என்பது உடம்பைச் சுற்றி நீங்களே கட்டிக்கொண்ட குளிர்ந்த தண்ணீர். பனிமலைக்குப் போகிறவர் பயந்துகொண்டு எல்லாவற்றையும் எடுத்துப் போவார். கோடையில் போகிறவர் எடையைக் குறைக்கிறேன் என்று அரைக்கால் சட்டையோடு கிளம்புவார்.

நீண்ட நடையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சுமையோடு ஏறும்போது ஒரு நாளைக்கு 4,000 கலோரிகூடச் செலவாகலாம், அந்த அளவுக்கு யாரும் சாப்பிடுவதில்லை. நடுங்குவதற்கும் எரிபொருள் வேண்டுமே! முதல் நாள் தாங்கிய மழையை ஐந்தாவது நாள் உடம்பு தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி தெரிய மருத்துவம் படித்திருக்க வேண்டாம். கலகலவென்று பேசிவந்தவர் பேச்சைக் குறைப்பார், எரிந்து விழுவார், சமதரையில் தடுக்குவார், வாய் குழறும். ஜிப்பை இழுக்கச் சொல்லிப் பாருங்கள், விரல் கேட்காது. வெடவெடவென்று நடுங்குகிறவரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனவரைப் பார்த்து "பரவாயில்லை, சரியாகிவிட்டது" என்கிறீர்கள். ஐயா, அது 32-க்கும் கீழே போய்க்கொண்டிருக்கும் ஆள்! (காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசத் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அதன் கோடே 35-இல்தான் தொடங்கும். இந்த வேலைக்குக் குறைந்த வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர் தனியாக இருக்கிறது.)

இந்தப் பையனுக்கு நண்பர்கள் பாசத்தோடு செய்தவை மூன்று. பிராந்தி கொடுத்தார்கள். சாராயம் தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும், சூடேறினாற்போல இருக்கும், உள்ளே இருந்த சூடு வெளியே போகும். கைகாலைப் பரபரவென்று தேய்த்தார்கள். "நடந்தால் சூடு வரும்" என்று இழுத்து நடக்க வைத்தார்கள். குளிர்ந்த இதயம் சட்டென்று தாளம் தப்பக்கூடியது, முரட்டுத்தனமாக அசைப்பதே சில சமயம் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நில்லுங்கள். டெண்ட் போடுங்கள், இடம் சரியில்லாவிட்டாலும் போடுங்கள். ஈரத்துணியைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள், அடியில் மெத்தை விரித்துப் படுக்க வையுங்கள், ஏனென்றால் தரையும் சூட்டை உறிஞ்சும். ஸ்லீப்பிங் பேக்குக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நெஞ்சிலும் அக்குளிலும் வையுங்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பானம். அரை மணி நேரமாவது எழுந்து நிற்க விடாதீர்கள். நடுக்கம் நின்று பேச்சும் மங்கிவிட்டால் உதவிக்குச் செய்தி அனுப்புங்கள், நடத்திக் கூட்டிவராதீர்கள். மூச்சு தெரியாவிட்டாலும் கைவிடாதீர்கள். 1999-இல் நார்வேயில் உறைந்த ஓடையில் சிக்கிய ஒரு பெண்ணின் உள்வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியது, அவர் பிழைத்தார்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நானே போகிறவன்தான். விடியலில் கிளம்புங்கள், மேகம் திரளும் மதியத்துக்குள் மேட்டைத் தாண்டிவிடுங்கள். பருத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரெயின்கோட்டைப் பையின் மேல்பகுதியில் வையுங்கள், தூறல் விழுந்ததும் போடுங்கள், நனைந்தபிறகு அல்ல. அப்புறம், கூட வருகிறவர் போட மறுத்தால் நடையை நிறுத்திவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

பையன் மறுநாள் காலை எழுந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டான். மீதி ஐந்து நாளை எப்போது நடக்கலாம் என்று கேட்டான். முதலில் பையை என் முன்னால் அடுக்கிக் காட்டச் சொன்னேன். ரெயின்கோட்டை மறுபடியும் அடியில் வைத்தான்.