பத்து நாள் ஊறியும் நனையாத கழற்சி

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "தோட்டத்துக்கு வேலியாகப் படரவிடலாம் என்று செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய் வாங்கி வந்து, பத்து நாள் தண்ணீரில் போட்டு வைத்தேன். முளைப்பது இருக்கட்டும், ஊறினதாகவே தெரியவில்லை. கொட்டைகள் பழசா?"

பழசாக இருக்கலாம், ஆனால் ஊறாததற்குக் காரணம் அதுவன்று. கழற்சி அடிப்படையில் கடற்கரைக் கொடி. வெப்பமண்டலக் கரைகளில் மணல்மேட்டுப் புதர்களின்மீது கொக்கி முட்களால் பற்றி ஏறி, மஞ்சள் பூக்கொத்துகளையும், முள் அடர்ந்த தட்டையான காய்களையும் தருகிறது. ஒரு காய்க்குள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கொட்டைகளே இருக்கும். அவை உள்ளே அடைபட்ட காற்றால் மிதந்து, கடல் நீரோட்டத்தில் சிக்கிக் கண்டம் விட்டுக் கண்டம் போகின்றன. ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஆர்க்னி தீவுகளில் இப்படி ஒதுங்கிய விதைகளைப் பற்றி ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1696-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். கடலிலேயே ஊறாத கொட்டை, டம்ளர் தண்ணீரில் ஊறிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. காய்ந்த பருப்பிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் தண்ணீரை இழுக்கும் விசை சாதாரணமானதன்று. நன்றாக உலர்ந்த விதையில் அது நூறு மெகாபாஸ்கல் அளவுக்குப் போகும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. உள்ளே இவ்வளவு தாகம், வெளியே வேண்டிய மட்டும் தண்ணீர், நடுவில் இருப்பதோ ஒரு மெல்லிய ஓடு. அந்த ஓட்டின் மேற்பகுதியில், பெட்டிக்குள் நெருக்கி நிறுத்திய தீக்குச்சிகளைப் போல, நீண்ட செல்கள் இடைவெளியின்றிச் செங்குத்தாக நிற்கின்றன. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் மால்பிகியின் பெயரால் இவற்றை மால்பிகி செல்கள் என்பார்கள். தடித்த சுவர்களும் நீரை ஒட்டவிடாத பொருள்களும் சேர்ந்து இந்த வரிசையைப் பூட்டிவிடுகின்றன. பயறுக் குடும்பத்தின் பல விதைகளில் உள்ள ஏற்பாடுதான் இது. ஆனால் பாசிப்பயறைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து அறுத்ததில், உடனே ஊறுகிற விதைகளையே நாம் தேர்ந்து வந்திருக்கிறோம். கழற்சியை யாரும் அப்படிப் பழக்கவில்லை.

இந்தப் பூட்டின் விசித்திரம், ஓர் இடத்தில் உடைந்தாலே போதும் என்பது. மூன்று கொட்டைகளை எடுத்து ஒன்றை மட்டும் அரத்தால் ராவி, மூன்றையும் ஒரே டம்ளரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில், ராவிய கொட்டை மட்டும் சாம்பல் நிறப் பளபளப்பை இழந்து, பக்கத்திலிருப்பவற்றைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பருத்து, நகம் பதியும் அளவுக்குத் தோல் இளகியிருந்தது. மற்ற இரண்டும் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தன. சிறுவயதில் இதே கொட்டையைச் சிமெண்ட் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையன் தொடையில் சூடு வைத்தபோது, கைவசம் இருப்பது ஒரு விதை என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை.

சங்ககாலத்தில் முருகன் பூசாரியான வேலன் கழங்கு போட்டுக் குறி சொன்னதும் இந்தக் காயை வைத்துத்தான் என்பார்கள். இன்று குறிக்குப் பதிலாக, சினைப்பை நீர்க்கட்டியைக் கரைக்கும் என்று கைப்பேசியில் செய்தி சுற்றுகிறது. சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு என்பது உண்மையே. அதற்காக மருத்துவரைக் கேட்காமல் பொடித்து விழுங்குவது எனக்கு உடன்பாடில்லை.

வாசகி செய்ய வேண்டியது இதுதான். கொட்டையின் தழும்புக்கு அருகில் முளைவேர் இருப்பதால், அதற்கு எதிர்ப்பக்கத்தை அரத்தாலோ உப்புத்தாளாலோ, உள்ளிருக்கும் வெளிர்நிறப் பருப்பு புள்ளியளவு தெரியும்வரை ராவி, ஊறிப் பருத்தவற்றை மட்டும் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். சேலத்து வெயில் அதற்குக் குறையன்று. தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. ஏற்காட்டின் மேல்பகுதிக் குளிரைவிட மலையடிவாரம் இதற்கு ஏற்றது. பயறுக் குடும்பம் என்பதால் வேர்முடிச்சுகள் தழைச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம். கழற்சி மயில்கொன்றையின் உறவு. அந்தப் பிரிவில் பெரும்பாலானவற்றுக்கு வேர்முடிச்சே கிடையாது. எனவே குழிக்கு ஒரு கூடை மக்கிய தொழுவுரம் போடுவது நல்லது. கொடி வேலியைப் பிடித்தபின் ஆண்டுக்கு ஒருமுறையாவது கவாத்து செய்ய வேண்டும். முட்கள் பின்னோக்கி வளைந்தவை என்பதால், நீண்ட கைப்பிடியுள்ள தொரட்டிக் கத்தி இல்லாமல் கிட்டே போக வேண்டாம்.