‘நோயியல் முறிவு’ வேண்டாம், ‘நோய்வழி முறிவு’ போதும்

கன்னப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்ட பெரியவர் ஒருவருக்கு, இட்லியை மென்றுகொண்டிருந்தபோதே கீழ்த்தாடை முறிந்துவிட்டது. விழவில்லை, அடியும் படவில்லை. அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் ‘நோயியல் முறிவு’ என்று இருந்தது. அதைப் படித்த மகள், “நோயியல் துறையில் சதை எடுத்தபோது உடைத்துவிட்டார்களா அண்ணா?” என்று என்னிடம் கேட்டார்.

நோயால் நலிந்த எலும்பு அடிபடாமலே முறிவதுதான் இது. ஆங்கிலத்தில் ‘பத்தாலஜிக்கல் ஃபிராக்சர்’. கிரேக்க ‘பாத்தோஸ்’ துன்பம். ‘லோகோஸ்’ சொல், ஆய்வு. லத்தீன் ‘ஃபிராங்கெரே’ முறித்தல். ஆங்கிலத்தில் பத்தாலஜி என்பது திசுவைச் சோதித்து நோயை ஆராயும் துறைக்கும் பெயர், நோய் செய்த கேட்டுக்கும் பெயர். தமிழ் ‘நோயியல்’ துறைக்கு மட்டுமே பெயர். நாய் கடித்ததை ‘விலங்கியல் கடி’ என்று எழுதுவோமா? இயல் என்றால் இயல்பு என்றும் பொருள் உண்டே என்கிறார்கள். உண்டுதான். ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை ‘நோயியல் துறை’ என்று பலகை மாட்டிய பிறகு அந்தப் பொருள் யார் காதில் விழும்? சிலர் சொல்லும் ‘தன்னிச்சை முறிவு’ இன்னும் மோசம். எலும்புக்கு ஏது இச்சை? காரணத்தையே அது மறைத்துவிடுகிறது.

‘மரபுவழி நோய்’ என்கிறோம் அல்லவா, அதே அச்சில் ‘நோய்வழி முறிவு’ என்றால் எவருக்கும் விளங்கும். நோய் முதலில் எலும்பை அரித்தது, பிறகு அது முறிந்தது. அரித்தது சீழ்பிடித்த எலும்பழற்சியாக இருக்கலாம். நீர்க்கட்டி, புற்று, கதிர்வீச்சில் மடிந்த எலும்பு, எலும்புத் தேய்வுக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட் மருந்தின் பக்கவிளைவு என எதுவாகவும் இருக்கலாம். இரத்த ஓட்டம் குறைவான கீழ்த்தாடைதான் கதிர்வீச்சுக்கு அதிகம் பலியாகிறது.

சொல் சரியாக இருந்தால் சிகிச்சையும் புரியும். விபத்தில் முறிந்த தாடையைத் தகடு வைத்துத் திருகினால் பெரும்பாலும் கூடிவிடும். செத்த எலும்பில் திருகாணி பிடிக்காது. கட்டியென்றால் அதை அகற்றித் திசுவைச் சோதிக்க வேண்டும். சீழென்றால் வடித்து நுண்ணுயிர்க்கொல்லி தர வேண்டும். பெரும்பகுதி மடிந்திருந்தால் அதை வெட்டியெடுத்து, கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பான சிம்பு எலும்பை இரத்தக் குழாயோடு கொண்டுவந்து பொருத்துகிறார்கள். இதெல்லாம் தெரியாமல், “கம்பி கட்டி அனுப்புங்கள், போதும்” என்று அந்தக் குடும்பம் இரண்டு நாள் மன்றாடியது. அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடும் மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குள்ள கோபம் இதனால்தான்.

அந்தப் படிவத்தின் ஓரத்தில் ‘நோய்வழி முறிவு’ என்று பென்சிலால் எழுதிக் காட்டினேன். “அப்படியானால் கதிர்வீச்சால்தானா?” என்றார் மகள்.